மெயினை அணைத்துவிட்டேன் என்றார் கொளஞ்சியப்பன்

கச்சிராயபாளையத்திலும் அதைச் சுற்றியும் என் பொறுப்பில் நானூற்றுச் சொச்சம் மின்கம்பங்கள் இருக்கின்றன. பதினாறு வருஷமாக ஏறி இறங்குகிறேன். ஏணியில் கால் வைக்கும்போது ஒவ்வொரு லைன்மேனும் யாரையாவது நினைத்துக்கொள்வான். என்னோடு வேலை பார்க்கும் தமிழழகன் தன் குலதெய்வத்தை நினைப்பார். நான் மேட்டுத்தெரு கொளஞ்சியப்பனை நினைப்பேன். மரியாதையினால் அல்ல. அந்த மனிதர் வீட்டில் ஜெனரேட்டர் வைத்திருக்கிறார், அதற்கு வயரிங் செய்தது அவரேதான்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. கம்பி அறுந்தால் நாங்கள் டிரான்ஸ்பார்மரில் சப்ளையை நிறுத்திவிட்டுத்தான் மேலே ஏறுகிறோம். கம்பியில் உயிர் இல்லை என்ற நம்பிக்கையில்தான் கையால் தொடுகிறோம். அந்த நேரம் பார்த்து ஏதோ ஒரு வீட்டில் ஒரு புண்ணியவான் ஜெனரேட்டரை ஓட்டி, அந்தக் கரண்ட் வீட்டுக்குள் நிற்காமல் சர்வீஸ் வயர் வழியாகத் தெருவுக்கு வந்துவிட்டால், செத்த கம்பி எழுந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் பாஷையில் இதற்கு ரிட்டர்ன் சப்ளை என்று பெயர். என் பெயர் செபாஸ்தியான், ஞானஸ்நானம் வாங்கியவன், உயிர்த்தெழுதலில் நம்பிக்கை உள்ளவன். ஆனாலும் கம்பி விஷயத்தில் அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். எனக்கு எஸ்தர் என்று ஒரு மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

கொளஞ்சியப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. கோமுகி அணைத் தண்ணீர் பாயும் இரண்டரை ஏக்கரில் கரும்பு போட்டிருக்கிறார். படிப்பு எட்டாவது வரை. பதினெட்டு வயதில் பெங்களூருக்குப் போய், மோட்டார் காயில் கட்டும் கடையில் இரண்டு வருஷம் இருந்தார். அங்கே அவருக்குக் கொடுத்த வேலை கடையைக் கூட்டுவதும் டீ வாங்கி வருவதும். இதை அவரே ஒருநாள் வாய் தவறி என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் ஊர் திரும்பி டவுன் பஸ்ஸை விட்டு இறங்கும்போது இன்ஜினீயராகத்தான் இறங்கினார். அன்றிலிருந்து வீட்டு வேலை எதற்கும் அடுத்தவனைக் கூப்பிட்டதில்லை. கஞ்சர் என்று நினைத்துவிடக் கூடாது, கை தாராளம்தான். வேறொருவன் வந்து தன் வீட்டில் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தால், கொளஞ்சியப்பனுக்குக் கை விளங்காமல் போய்விட்டது என்று தெரு பேசும். அவருடைய கவலை அதுதான்.

கடைவாய்ப் பல் வலித்தபோது அதைக் கட்டிங் பிளேயரால் தானே பிடுங்கினார். பக்கத்துப் பல்தான் வந்தது. அதற்கும் அவர் அசரவில்லை, எப்படியும் அது அடுத்த வருஷம் வலித்திருக்கும் என்றார். வீடு கட்டியபோது வயரிங் முழுக்க அவர் கை வேலை. ஹாலில் ஸ்விட்சைப் போட்டால் குளியலறையில் விளக்கு எரியும். குளியலறை ஸ்விட்சுக்கு மாட்டுக் கொட்டகையில் ஃபேன் சுற்றும். மகளைக் கொடுத்த இடத்துச் சம்பந்தி முதல்முறை வந்து குளித்துக்கொண்டிருந்தபோது, ஹாலில் யாரோ விளக்கு எதற்கு வீணாக எரிகிறது என்று அணைத்துவிட்டார்கள். தலையில் சோப்போடு அந்த மனிதர் இருட்டில் கால் மணி நேரம் நின்றார். வெளியே வந்தவரிடம் கொளஞ்சியப்பன் மன்னிப்புக் கேட்கவில்லை. இது ஒரு சிஸ்டம், பழகிவிட்டால் சுலபம் என்று விளக்கினார்.

இந்த சிஸ்டத்துக்குள் முப்பது வருஷமாகக் குடித்தனம் செய்கிறவர் அவர் மனைவி பாரதி. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாத மனுஷி. வீட்டின் ஓர் அறையில் இரண்டு கிரைண்டரும் ஒரு ஃப்ரீசரும் வைத்துக்கொண்டு இட்லி மாவு அரைத்து விற்கிறார். நான்கு தெருவுக்குக் காலைப் பலகாரம் அந்த அறையிலிருந்துதான் போகிறது. என் வீட்டுக்கும் அங்கிருந்துதான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கார்த்திகையில் அடித்த புயலில் மலையிலிருந்து இறங்கிய காற்று முப்பது கம்பத்தைச் சாய்த்துப் போட்டது. நாங்கள் இரவு பகலாக உழைத்தும் மேட்டுத்தெருவுக்கு நான்காம் நாள்தான் கரண்ட் கொடுக்க முடிந்தது. அதற்குள் பாரதி அண்ணி ஊறப்போட்ட இருபது கிலோ அரிசி புளித்து, நுரைத்து, தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டது. அதை மாட்டுக்கு ஊற்றினார்கள். மாடும் ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டது. அண்ணி காலி அண்டாவைக் கழுவிக் கொளஞ்சியப்பன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு எதிரே கவிழ்த்து வைத்தார். மறுவாரம் அவர் கள்ளக்குறிச்சியில் ஒரு பந்தல் கடைக்காரரிடமிருந்து கைப்பிடி போட்ட, இருவர் தூக்கக்கூடிய ஜெனரேட்டர் ஒன்றை வாங்கி, மினி டெம்போவில் மாலை போட்டு இறக்கினார்.

வந்ததை எங்கே வைப்பது என்பதில் முதல் கூத்து. ஜெனரேட்டர் நெருப்பு சம்பந்தப்பட்டது, நெருப்பு அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும், அதாவது தென்கிழக்கில். அங்கே ஏற்கெனவே சமையலறை இருந்தது. அதனால் என்ன, சமையலறைச் சுவரை ஒட்டி வெளியே ஓர் அறை கட்டினால் போயிற்று. திருடன் தூக்கிக்கொண்டு போகாமலிருக்க நான்கு பக்கமும் ஹாலோ பிளாக் வைத்து, மேலே கான்கிரீட் பலகை போட்டு, இரும்புக் கதவுக்கு இரண்டு பூட்டு மாட்டினார். காற்று வர ஒரே ஒரு சந்து விட்டார். அது சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. உள்ளே ஓடுகிற சத்தம் பாரதியின் காதில் விழுந்தால்தான் கோளாறு ஏதாவது வந்தால் தெரியும் என்பது அவருடைய ஏற்பாடு.

முதல்நாள் ஓட்டியபோது வந்தது சத்தம் மட்டுமல்ல. ஜெனரேட்டர் மூச்சு விட்டதெல்லாம் அண்ணியின் மூக்குக்கு வந்தது. இருபது நிமிஷத்தில் அவருக்குத் தலை சுற்றியது, வாசலுக்கு வந்து வாந்தி எடுத்தார். ஐம்பத்திரண்டு வயதில் பாரதிக்கு மயக்கமும் வாந்தியும் என்ற செய்தி தெருவைச் சுற்றி வந்து முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் கொளஞ்சியப்பனை ஒரு தினுசாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த மகானும் அதை மறுக்காமல் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

சிரிக்கிற விஷயம்தான், ஆனால் நான் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் புகையில் வாசனையே இல்லாத விஷம் ஒன்று இருக்கிறது. மூடிய அறையில் இன்னும் அரைமணி நேரம் நின்றிருந்தால் அண்ணி வாசல்வரை வந்திருக்க மாட்டார். நல்லவேளையாக, காற்று கிடைக்காமல் ஜெனரேட்டரே முதலில் மயக்கம் போட்டு நின்றுவிட்டது. நான் போய் விளக்கமாகச் சொன்னேன். கொளஞ்சியப்பன் யோசித்துவிட்டு, அந்த ஓட்டையை இன்னும் கொஞ்சம் சின்னதாக்கிவிடலாம் என்றார். அண்ணி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு உள்ளே போய் கடப்பாரை எடுத்து வந்தார். மேல்வரிசை ஹாலோ பிளாக்கிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாவது வரிசை விழும்போது கொளஞ்சியப்பனுக்கு வேறு ஞானம் பிறந்தது. வீட்டுக்கு அக்னி மூலை வேறு, மொத்த மனைக்கு அக்னி மூலை வேறு என்று அறிவித்தார். மனையின் தென்கிழக்கு, வீட்டைத் தாண்டி முப்பதடி தள்ளி, காய்ந்த கரும்புச் சோகைப் போருக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே நான்கு கால் நட்டு, தகரம் போட்டு, சுற்றிலும் திறந்துவிட்டு, ஜெனரேட்டரைச் சங்கிலியால் காலோடு கட்டி வைத்தார். இந்த ஒரு தடவை சாஸ்திரமும் சரியாக இருந்தது, காற்றோட்டமும் சரியாக இருந்தது.

அடுத்தது வயரிங். கிரைண்டரின் வயரை நீட்டி நேராக ஜெனரேட்டரில் சொருகினால் கதை முடிந்தது. ஆனால் அதில் கொளஞ்சியப்பனின் பங்கு என்ன இருக்கிறது? அவர் முப்பதடி ஒயர் வாங்கி, அதன் இரண்டு முனையிலும் பின் வைத்த பிளக்கை மாட்டினார். ஒரு முனை ஜெனரேட்டரில். மறுமுனை மாவு அறைச் சுவரில் இருக்கும் ப்ளக் பாயிண்டில். சுவரிலிருந்து கரண்ட் எடுப்பதற்குப் பதிலாகச் சுவருக்குள் கரண்ட் கொடுப்பது. அந்த அறையில் இருக்கும் எல்லாமே ஒரே சொருகலில் ஓடும். அதை நான் நேரில் பார்த்தேன். வெளியே தெருவில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, உள்ளே இவர் சுவரின் வழியாக எனக்குக் கரண்ட் அனுப்ப எல்லா வசதியும் செய்து வைத்திருக்கிறார்.

சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் என்று ஒன்று இருக்கிறது, அதை மாட்டினால் தெருக் கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் எந்தக் காலத்திலும் ஒன்றையொன்று தொடாது, கைப்பிடி இந்தப் பக்கம் இருந்தால் அது, அந்தப் பக்கம் இருந்தால் இது, நானே வந்து சும்மா மாட்டித் தருகிறேன் என்று கெஞ்சினேன். அவருக்கு முகம் சிறுத்துவிட்டது.

"மெயினை ஆப் பண்ணிட்டு ஜெனரேட்டரப் போட்டா தெருவுக்கு எப்பிடி தம்பி கரண்டு போவும்? எனக்குக் கை இல்லியா? மெயினை எறக்கத் தெரியாதா?"

மெயினை அணைத்தால் போகாது என்பது உண்மைதான். ஆகவே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். அந்தத் தெருவில் ஏறுவதற்கு முன் நான் போன் செய்வேன். மெயின் என்று கேட்பேன். ஆப் என்பார். சத்தியமா என்பேன். கொளஞ்சியப்பர் சத்தியமா என்பார். கொளஞ்சியப்பர் அவருடைய குலசாமி, அவருக்குப் பெயர் கொடுத்த சாமி, விருத்தாசலம் பக்கத்தில் மணவாளநல்லூரில் இருக்கிறார். அந்தப் பெயரை வைத்து அவர் பொய் சொல்லமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். எட்டு மாதம் இப்படியே ஓடியது. எட்டு மாதத்தில் எட்டு தடவை ஏறினேன், எட்டு தடவையும் முழுசாக இறங்கினேன்.

போன வருஷம் ஆடி மாதம், பட்டப்பகல். காற்றில் புளியங்கிளை ஒடிந்து விழுந்து மேட்டுத்தெருக் கடைசியில் கம்பியை அறுத்துவிட்டது. தமிழழகனும் நானும் டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ்களைப் பிடுங்கினோம். அறுந்த இடத்துக்கு அப்பால் இரண்டே வீடுகள், ஒன்று பூட்டிக் கிடந்தது, மற்றது கொளஞ்சியப்பனுடையது. அவர் வீட்டு ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் தெருவில் கேட்டது. போன் செய்தேன். மெயின் ஆப் என்றார். சத்தியமும் செய்தார்.

இந்த இடத்தில் என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். கம்பியைக் கையால் தொடுமுன் அதில் எர்த் சங்கிலியை மாட்ட வேண்டும். சங்கிலியின் ஒரு முனை மண்ணுக்குள், மறுமுனை கம்பியில். கம்பியில் ஏதாவது இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், ஆள் பிழைத்துக்கொள்வான். அன்றைக்குச் சங்கிலி தமிழழகனின் வண்டியில் இருந்தது. வண்டி டிரான்ஸ்பார்மரிடம் நின்றது. நடந்தால் ஐந்து நிமிஷம். வெயில் கொளுத்தியது, பசி வேறு. நான் சத்தியத்தை நம்பி ஏறிவிட்டேன்.

கரண்ட் ஆளைத் தூக்கி எறியும் என்பார்கள். என்னை எறியவில்லை, பிடித்துக்கொண்டது. கை மூடிவிட்டது, திறக்க முடியவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கீழே தமிழழகன் என்னவோ கேட்டுக்கொண்டே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. பிறகு கால் ஏணியிலிருந்து நழுவியது, என் எடை என்னை இழுத்துப் பிய்த்தது. கம்பத்தை ஒட்டியிருந்த கொளஞ்சியப்பன் வீட்டுச் சோகைப் போரின் ஓரத்தில் விழுந்தேன். அது இல்லாவிட்டால் இதை வேறு யாராவது எழுத வேண்டியிருந்திருக்கும். காறை எலும்பு முறிந்தது, வலது உள்ளங்கையில் தோல் கருகியது. உயிர் இருந்தது.

கொளஞ்சியப்பன் வெறுங்காலோடு ஓடிவந்தார். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது என் தலை அவர் மடியில் இருந்தது. வழியெல்லாம் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். மெயின் ஆப்பில்தான் இருக்கிறது, தம்பி, மெயின் ஆப்பில்தான் இருக்கிறது. எனக்கு அப்போது பேச்சு வந்திருந்தால் அச்சில் ஏறாத வார்த்தை ஏதாவது வந்திருக்கும்.

அவர் பொய் சொல்லவில்லை என்பதை மறுநாள் பாரதி அண்ணிதான் கண்டுபிடித்தார். தெருவுக்குச் சப்ளை வந்த பிறகு மெயினை இறக்கினார். வீடு அணைந்தது. மாவு அறைக்குப் போய் கிரைண்டரின் ஸ்விட்சைத் தட்டினார். கல் சுற்றியது. புருஷனைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தினார்.

"ஓடுது பாருங்க. மெயினு ஆப்லதான் இருக்குது. கிரைண்டரு ஓடுது. இதையும் நீங்களேதான் பண்ணீங்க."

பதினாறு வருஷத்துக்கு முன்னால், வீட்டில் ஃபியூஸ் போகும்போதெல்லாம் மாவு பாதியில் நிற்கிறது என்று அண்ணி குறைப்பட்டிருக்கிறார். அன்று மாலையே இவர் மாவு அறைக்கு மட்டும் மீட்டரிலிருந்து தனியாக ஒரு ஒயரை இழுத்து, மெயினைத் தொடாமல் டைரக்டாகக் கொடுத்துவிட்டார். பிறகு அதை மறந்தும் போனார். இத்தனை வருஷமாக மெயினுக்கும் அந்த அறைக்கும் சம்பந்தமே கிடையாது, மெயினை இறக்கினாலும் ஜெனரேட்டர் கரண்ட் மீட்டர் வழியாகத் தெருவுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. ஆக, ஒவ்வொரு தடவையும் அவர் சாமி பெயரில் சொன்னது சத்தியம்தான். எட்டு தடவையும் நான் பிழைத்தது, அந்த எட்டு தடவையும் சங்கிலி என்னிடம் இருந்ததனால். சுற்றிக்கொண்டிருந்த கல்லின் எதிரிலேயே கொளஞ்சியப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டார் என்றும், அன்றைக்கு முழுக்க எழுந்திருக்கவில்லை என்றும் அண்ணி சொன்னார்.

எப்படி விழுந்தாய் என்று என் இன்ஜினீயர் ஆஸ்பத்திரியில் கேட்டார். கால் நழுவிவிட்டது என்றேன். ரிட்டர்ன் சப்ளை என்று சொன்னால் கொளஞ்சியப்பன் மேல் கேஸ் வரும், அண்ணியின் மாவு அறையும் போகும். அடுத்த கேள்வி, உன் சங்கிலி எங்கே இருந்தது என்று வரும். ஆகவே பெருந்தன்மையில் பாதி, பயத்தில் பாதி. எஸ்தருக்கு உண்மை தெரியும். கொளஞ்சியப்பன் தூக்கு நிறைய மாவோடு வீட்டுக்கு வந்தபோது வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். பிறகு நகர்ந்து வழிவிட்டாள்.

"உள்ள வாங்க. இந்த வூட்டுல ஒரு சுவிட்சையும் தொடாதீங்க."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். இன்ஜினீயரிடம் நான் சொன்னது அவருக்குத் தெரிந்திருந்தது. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் அவர் செய்த காரியத்தைக் கேள்விப்பட்டபோதுதான் எனக்கு எலும்பு மறுபடி வலித்தது.

மணவாளநல்லூர் கோயிலில் பிராது கட்டுவது என்று ஒரு வழக்கம். யாராவது உங்களுக்கு அநியாயம் செய்துவிட்டால், கோர்ட்டுக்கு எழுதுவதுபோல் காகிதத்தில் எழுதிச் சாமி முன்னால் கட்டிவிட்டு வரலாம். தொண்ணூறு நாளுக்குள் சாமி தீர்ப்புச் சொல்லிவிடும் என்று நம்பிக்கை. ஜனங்கள் பங்காளி மேல் கட்டுவார்கள், நிலத்தை ஏமாற்றியவன் மேல் கட்டுவார்கள். கொளஞ்சியப்பன் தன் மேலேயே கட்டிவிட்டு வந்திருந்தார். குற்றம் செய்தவர், கொளஞ்சியப்பன். குற்றம், சாமி பெயரைச் சொல்லி ஒரு ஆளைக் கம்பியில் ஏற்றியது. புகார் கொடுப்பவர், மேற்படி ஊர் லைன்மேன் செபாஸ்தியான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எஸ்தர் கொதித்துவிட்டாள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பத்தின் பெயரில் அடுத்தவர் சாமியிடம் எதற்குக் கேஸ் என்று கேட்டாள். எனக்கு வேறு கவலை. சாமி முறையாக விசாரித்தால் சங்கிலி விஷயமும் வெளியே வரும். புகாரை வாபஸ் வாங்கச் சொல்லி ஆளனுப்பினேன். கொடுத்தவன்தான் நேரில் வந்து வாபஸ் வாங்க வேண்டும் என்று பதில் வந்தது. அதன்பிறகு அவர் தீர்ப்புக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். தென்னை மரத்தடியில் வேண்டுமென்றே மெதுவாக நடந்தார். ஒருநாள் தும்மல் நிற்காமல் வந்தபோது வேட்டி மாற்றிக்கொண்டு கட்டிலில் படுத்துவிட்டாராம். சளிதான், இரண்டு நாளில் போய்விட்டது.

ஆவணியில், கையைத் துணியில் தொங்கப் போட்டுக்கொண்டு, தமிழழகனைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். டைரக்ட் ஒயரைப் பிடுங்கினோம். இரண்டு தலை ஒயரை அண்ணியே அரிவாள்மணையில் வைத்து மூன்று துண்டாக நறுக்கினார். சேஞ்ச் ஓவர் மாட்டி, ஜெனரேட்டருக்குத் தனியாக எர்த் குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டு மூடினோம். இத்தனைக்கும் கொளஞ்சியப்பன் நான்கு மணி நேரம் சுவரோரமாக நின்றார். அவர் வீட்டில் அடுத்தவன் ஸ்க்ரூ டிரைவர் பிடித்தது அதுதான் முதல் தடவை. தமிழழகன் ஒரு ஸ்க்ரூவைக் கோணலாக முடுக்கியபோது அவர் விரல்கள் தானாக அசைந்தன. கையை மறுபடி பின்னால் கட்டிக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, இருக்கட்டும் என்றும் இருந்தது.

ஐப்பசியில் வேலைக்குத் திரும்பினேன். முதல் வாரம் கீழேயே வேலை. இரண்டாம் வாரம் மழையில், பொழுது விடியும்போது, அதே மேட்டுத்தெருவில், அதே கம்பத்தில் கம்பி அறுந்தது. மேல் முனை கம்பத்தில் இருந்தது, கீழ் முனை கொளஞ்சியப்பன் வாசல் சேற்றில் கிடந்தது. ஃபியூஸ் பிடுங்கியாயிற்று. சேஞ்ச் ஓவரை நானே கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், சங்கிலியை மாட்டினேன். எல்லாம் செத்துக் கிடந்தது. ஏணியில் மூன்றாவது படியில் என் கால் நின்றுவிட்டது.

மேலே போ என்று சொல்கிறேன், போகவில்லை. தமிழழகன் தான் ஏறுவதாகச் சொன்னார். அவருக்கு ஐம்பத்தாறு வயது, முழங்கால் மடங்காது. இனி கம்பத்தில் ஏற முடியாத லைன்மேனை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள், இந்த வேலை போனால் வேறென்ன தெரியும் எனக்கு என்று அந்த மூன்றாவது படியில் நின்றுகொண்டு நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது. மழையில் யாருக்கும் தெரியவில்லை.

கொளஞ்சியப்பன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார். குனிந்து, அறுந்து கிடந்த கம்பியின் முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். பிராதின் கெடு முடிய இன்னும் பதினொரு நாள் இருந்தது. கையை விடச் சொல்லி நான் கத்தினேன்.

"நீ ஏறு தம்பி. நீ எறங்கற வரிக்கும் வுடமாட்டேன். இருந்தா மொதல்ல எனக்கு வரட்டும்."

இதைவிட மடத்தனமான பாதுகாப்பு ஏற்பாட்டை என் பதினாறு வருஷ சர்வீசில் பார்த்ததில்லை. சங்கிலி மாட்டிய கம்பியைப் பிடிப்பதில் ஒரு பிரயோஜனமும் கிடையாது, எந்தப் புத்தகத்திலும் இது கிடையாது. பின்னால் வாசற்படியில் பாரதி அண்ணி தலையில் கோணிப்பையைப் போட்டுக்கொண்டு நின்றார். அவர் தடுக்கவில்லை. ஒரே கம்பிதான், அதன் கீழ் முனை அவர் கையில். நான் நான்காவது படியில் கால் வைத்தேன். பிறகு ஐந்தாவது. உச்சிக்குப் போய் மேல் முனையைத் தொட்டேன்.

மேலே செய்ய வேண்டிய வேலை பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஆனால் நான் இறங்கவில்லை. கீழே அந்த மனிதர் மழையில், கணுக்கால் சேற்றில், கம்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார். நிற்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கால் மணி நேரம் மேலேயே இருந்தேன். கோபத்தில்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இறங்க மனசில்லாததற்கு வேறு காரணம் இருந்தது என்று பிறகு இறங்கிவரும்போது பாதி ஏணியில்தான் எனக்குப் புரிந்தது. விழுந்த நாளுக்குப் பிறகு அந்தக் கால் மணி நேரம்தான் எனக்குப் பயமே இல்லை.